பால்தேத்தண்ணி நிறத்தில் ஒயில்: போருக்குத் தப்பிய உழவு இயந்திரங்களைத் தண்ணீர் தின்கிறது

காலபோக விதைப்பு நெருங்கும்போது கிளிநொச்சியில் எந்தக் கராஜுக்குப் போனாலும் ஒரு முறைப்பாட்டைக் கேட்கலாம். "மெசின் ஓடுது, ஆனா கலப்பையைத் தூக்குதில்லை." என்ஜின் ஸ்ராட் ஆகும், கியர் விழும், பெட்டியையும் இழுக்கும். ஆனால் வரம்படிக்கு வந்து திருப்பும்போது பின்னால் பூட்டிய கொத்துக் கலப்பை எழும்பாது. எழும்பினாலும் விக்கி விக்கித்தான் எழும்பும். என்ஜினை நிறுத்தியதும் தொப்பென்று நிலத்தில் இருந்துவிடும். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைந்திருக்காது, சிலவேளை கூடியுமிருக்கும். நிறம்தான் வேறு. தேன் நிறத்தில் இருக்கவேண்டிய ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி இருக்கும்.

அது ஒயிலும் தண்ணீரும் அடிபட்டுக் கலந்த கலவை. அதை மாற்றும் வேலையை முழுமையாகப் பார்ப்பதற்காகக் கடந்த வருடம் பரந்தன் பக்கமுள்ள ஒரு கராஜில் இரண்டு நாட்கள் இருந்தேன். ஊடகக் கற்கை படித்துவிட்டு காணி விடுவிப்பு, வீட்டுத்திட்டம், நுண்கடன் என்று எழுதிவந்த எனக்கு, இந்தக் கதைகள் பலவற்றின் நடுவில் ஒரு பழைய உழவு இயந்திரம் நிற்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவந்தது. கடன் எடுத்தது ஏன் என்று கேட்டால், "மெசினுக்கு" என்ற பதில் அடிக்கடி வரும்.

வன்னியில் 'மெசி' என்றால் அநேகமாக மெசி பேர்கசன் 135 அல்லது 240. 135 என்ற மொடல் 1964இல் வெளிவந்தது. மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் என்ஜின். 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாபே நிறுவனமும் மெசி பேர்கசன் இயந்திரங்களைச் செய்துவருகிறது. இவற்றின் பின்பகுதியில் இருக்கும் மூன்று புள்ளிப் பொருத்தும், கலப்பையை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் முறையும் ஹரி பேர்கசன் என்ற அயர்லாந்துப் பொறியியலாளர் உருவாக்கியவை. நூறு வருடத்துக்குக் கிட்டவாகிறது. அடிப்படை இன்னும் மாறவில்லை.

பழைய மெசிகள் இங்கே இன்னும் ஓடுவதற்கு அவற்றின் உறுதி மட்டும் காரணமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாய் விழுந்தது. புதியதை வாங்குவது பற்றி யோசித்தவர்களும் பழையதைத் திருத்தத் திரும்பினார்கள். அதற்கு முந்தைய காரணத்தை வன்னி வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2008இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை உழவு இயந்திரப் பெட்டிதான் பல குடும்பங்களுக்கு வீடு. நெல்மூட்டை, தகரம், வயதானவர்கள், காயக்காரர் எல்லாம் அதில்தான். கடைசியில் அதையும் விட்டுவிட்டு நடந்தார்கள். மீள்குடியேறிய பிறகு புத்தகத்தைக் காட்டித் தங்கள் மெசினைத் தேடி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். என்ஜின் இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பெண்களை நான் சந்தித்திருக்கிறேன்.

கராஜுக்கு வந்திருந்த 135 அப்படியொன்று. கண்டாவளைப் பக்கத்து அக்கா ஒருவருடையது. கணவர் போருக்கு முன்னர் வாங்கியது. அவர் 2009இல் திரும்பி வரவில்லை, மெசின் வந்தது. இப்போது அக்காவின் மருமகன் ஓட்டுகிறார். சொந்த வயல் கொஞ்சம்தான். மற்றவர்களின் வயலை உழுதுகொடுக்கும் கூலியில்தான் வீடு நடக்கிறது. இரண்டு வருடத்தில் இரண்டு தடவை முழு ஒயிலையும் மாற்றியிருந்தார்கள். இரண்டு தடவையும் மாரி முடிவதற்குள் திரும்ப வெள்ளையாகிவிட்டது. "முதல்தரம் நெல்லு வித்த காசு. ரெண்டாந்தரம் பிள்ளையின்ர தோட்டை வைச்சனான்" என்றார் அக்கா. "மூண்டாந்தரமும் மாத்தச் சொன்னா மெசினை வித்துப்போட்டுப் போயிடுவன்."

கராஜ் ஐயாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. ஒயிலைக் கழற்ற முன்னர் அவர் கேட்ட முதல் கேள்வி, "மெசினை எங்க விடுறனீங்கள்?" வேப்பமரத்துக்குக் கீழே என்றார் மருமகன். கொட்டில் இல்லை.

மெசியில் கியர் பெட்டிக்கு ஒரு ஒயில், ஹைட்ரோலிக்குக்கு இன்னொரு ஒயில் என்று இல்லை. கியர் பெட்டி, பின்னச்சின் நடுப்பகுதி, தூக்கும் பகுதி எல்லாவற்றுக்கும் ஒரே ஒயில்தான். ஏறத்தாழ 30 லீற்றர். பம்ப் அந்த ஒயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. நான்கு பிஸ்ரன்கள் கொண்ட சிறிய பம்ப். அதைச் சுழற்றுவது பி.ரி.ஓ தண்டு. ஆகவே பி.ரி.ஓ லீவரைப் போடாவிட்டால் கலப்பை தூக்காது. இதைத் தெரியாமல் 'ஹைட்ரோலிக் போச்சு' என்று மெசினை ஏற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டாம். லீவரைப் போட்டுக் காட்டி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கிறார் ஐயா.

பம்ப் தள்ளும் ஒயில், இருக்கைக்குக் கீழே உள்ள சிலிண்டருக்குப் போய் அங்குள்ள பிஸ்ரனைத் தள்ளும். அது இரண்டு தூக்குக் கைகளையும் உயர்த்தும். பாரம் ஏறும்போது அந்த ஒயிலின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2000 இறாத்தலுக்கு மேலேயும் போகும். அந்த அழுத்தத்தைக் கசியாமல் பிடித்து வைத்திருப்பது, பிஸ்ரனுக்கும் அதன் துளைக்கும் இடையே, வால்வுக்கும் அதன் கூட்டுக்கும் இடையே உள்ள தலைமயிரிலும் மெல்லிய இடைவெளிதான். அந்த இடைவெளியில் ஒயில் ஒரு படலமாக நிற்கவேண்டும். தண்ணீர் கலந்தால் படலம் அறுந்து இரும்போடு இரும்பு உரசும். மெசின் மாதக்கணக்கில் நிற்கும் காலத்தில் வால்வில் துரு பிடிக்கும். துருத்தூள் பம்புக்குள் போனால் அரத்தைப்போல வேலை செய்யும். விக்கல் வந்தவுடன் கவனித்தால் ஒயிலோடும் பெக்கிங்கோடும் முடியும். ஒரு போகம் கழித்துக் கவனித்தால் பம்ப் போயிருக்கும். கியர் பற்களும் பெயாரிங்குகளும் அதே ஒயிலில்தான் ஓடுகின்றன என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

தண்ணீர்தானா என்று உறுதிப்படுத்த வீட்டிலேயே வழி இருக்கிறது. கம்பித் துவாரத்தால் ஒரு மெல்லிய குழாயை விட்டுக் கொஞ்சம் ஒயிலை உறிஞ்சி, வெளிச்சம் தெரியும் போத்தலில் ஊற்றி இரவு முழுக்க அசையாமல் வைக்கவேண்டும். காலையில் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். பிரியாமல் முழுக்கப் பால் மாதிரியே நின்றால் நிலைமை இன்னும் மோசம்: தண்ணீர் ஒயிலோடு கட்டுண்டுவிட்டது. இன்னொரு முறை, சூடான தகரத்தில் ஒரு துளி விடுவது. நல்ல ஒயில் பேசாமல் பரவும். தண்ணீர் இருந்தால் சடசடவென்று வெடிக்கும். ஒரு துளிதான், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. ஒயில் வெள்ளையாக இல்லாமல் நுரையாக மட்டும் இருந்தால் அது காற்றாகவும் இருக்கலாம். ஒயில் மட்டம் குறைந்து பம்ப் காற்றை இழுத்தாலும் நுரை வரும். போத்தலில் வைத்தால் அந்த நுரை அடங்கிவிடும்.

கழற்றும் நாளில் முதலில் மெசினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார்கள். சூடான ஒயில் இலகுவாக வழியும், அடியில் கிடக்கும் ஊத்தையையும் இழுத்துக்கொண்டு வரும். வெள்ளத்தில் மூழ்கிய மெசினுக்கு இது பொருந்தாது. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டு ஊர்கள் மூழ்கியபோது, தண்ணீர் வடிந்த கையோடு ஸ்ராட் பண்ணிப் பார்த்தவர்கள்தான் அதிகம் செலவழித்தவர்கள் என்றார் ஐயா. அப்படிப்பட்ட மெசினை ஓடவிடாமல், தள்ளாமல், நின்ற இடத்திலேயே அடி நட்டைக் கொஞ்சமாக இளக்கினால், கனமான தண்ணீர் முதலில் வந்துவிடும். ஒயில் தலைகாட்டும் வரை அதை விடவேண்டும்.

அதன்பிறகு சமநிலத்தில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, தூக்குக் கைகளை முழுதாகக் கீழே இறக்கினார்கள். தூக்கி நிற்கும் கலப்பைக்குக் கீழே யாரும் போகக்கூடாது. ஒயிலைத் திறந்துவிட்டால் அதைப் பிடித்து வைத்திருக்க ஒன்றுமில்லை. அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட ட்ரெயின் நட்டுகள் இருக்கும். கியர் பெட்டிக்குக் கீழே ஒன்று, பின்பகுதிக்குக் கீழே மற்றது. ஒன்றை மட்டும் கழற்றினால் மற்றப் பள்ளத்தில் பழைய வெள்ளை ஒயில் அப்படியே நிற்கும். முந்தைய இரண்டு தடவையும் அதுதான் நடந்ததோ என்று மருமகனிடம் கேட்டேன். "ஒண்டுதான் கழட்டினவை" என்றார்.

நட்டுகளைக் கழற்றியதோடு வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அங்கேதான் தொடங்குகிறது. ஒயில் வடிந்தபின் பின்பகுதியின் பக்க மூடியைக் கழற்றினார்கள். உள்ளே பம்ப் தெரிந்தது. தரையில் இரண்டு விரல் தடிப்புக்குச் சாம்பல் நிறச் சேறு. இரும்புத்தூள், மண், பழுதான ஒயில் எல்லாம் சேர்ந்த களி. ஐயா கையை விட்டு அதை வழித்து வழித்து ஒரு பேசினில் போட்டார். ஒரு காந்தத்தை அதற்குள் விட்டபோது அதில் தாடி மாதிரித் தூள் ஒட்டியது. தூளாக இருந்தால் தேய்மானம், துண்டாக வந்தால் கியர் பல்லோ பெயாரிங்கோ உடைந்திருக்கிறது என்று விளக்கினார். நல்லவேளை, துண்டு ஒன்றும் வரவில்லை.

பம்ப் ஒயிலை உறிஞ்சும் வாயில் ஒரு கம்பிவலை வடி இருக்கிறது. இந்த வேலையின் முக்கிய இடம் அதுதான் என்பேன். வலை அடைபட்டால் பம்புக்கு ஒயில் போதாது. எவ்வளவு விலையான ஒயிலை ஊற்றினாலும் கலப்பை விக்கிக்கொண்டுதான் எழும்பும். வடி இருக்கும் இடமும் அதை எடுக்கும் வழியும் மொடலுக்கு மொடல் வேறு. எடுத்து டீசலில் கழுவி, மெல்லிய தூரிகையால் தட்டி, காற்றடித்துக் காயவைக்கவேண்டும். கந்தல் துணியால் துடைக்கக்கூடாது, நூல் உள்ளே போகும். வலை கிழிந்திருந்தால் புதிதுதான் போடவேண்டும்.

உள்ளே கழுவுவது எதனால் என்பதில் கராஜுக்குக் கராஜ் கருத்து வேறு. சிலர் மண்ணெண்ணெயை நிரப்பி மெசினை ஓடவிடுவார்கள். ஐயா அதற்கு எதிர். மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்பு இல்லை, அதில் பம்பைச் சுழற்றினால் பம்ப் தேயும், மூலைகளில் தங்கி புது ஒயிலையும் தண்ணியாக்கும், தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. மூடி திறந்திருக்கும்போது டீசலால் தெளித்துக் கழுவி வடியவிட்டார். மூடியபின் விலை குறைந்த புது ஒயிலை ஊற்றி, பாரமில்லாமல் அரை மணித்தியாலம் ஓடவிட்டு, சூட்டோடு திரும்பக் கழற்றினார். வந்த ஒயில் மெல்லிய பால் நிறத்தில் இருந்தது. "பாத்தியே பிள்ளை, இவ்வளவு உள்ளுக்கு ஒளிச்சிருந்தது" என்றார் என்னிடம். காசு இருந்தால் இதை இரண்டு தடவை செய்யலாம். எனக்கு இந்த வழிதான் நியாயமாகப் பட்டது.

இனித்தான் அக்காவின் இரண்டு வருடக் கேள்வி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வழக்கமான வாசல்கள் சில இருக்கின்றன. கியர் லீவரின் அடியில் உள்ள ரப்பர் கவசம் வெடித்திருந்தால் மழை நேராக உள்ளே இறங்கும். ஒயில் ஊற்றும் மூடி தொலைந்து துணியைச் சுருட்டி அடைத்திருப்பார்கள். சேற்றுழவில் அச்சுவரை புதையும்போது பி.ரி.ஓ தண்டின் தேய்ந்த சீலால் சேற்றுத்தண்ணி போகும். சேர்விஸ் நிலையத்தில் அழுத்தமாகத் தண்ணீர் அடித்துக் கழுவும்போதும் போகும். யாரும் யோசிக்காத ஒன்று, இரவல் பெட்டி. ஹைட்ரோலிக்கால் கவிழ்க்கும் பெட்டியைப் பூட்டினால் அதன் சிலிண்டரில் இருக்கும் முந்தைய மெசினின் ஒயில் உங்கள் மெசினுக்குள் வரும். அயல் மெசினின் ஒயில் வெள்ளையென்றால் உங்களுடையதும் வெள்ளையாகும்.

அக்காவின் மெசினில் லீவர் ரப்பர் இரண்டும் வெடித்திருந்தன. போன தடவையும் மாற்றவில்லை. ஆனால் ஐயா அதோடு நிற்கவில்லை. இருக்கையைக் கழற்றினார். அதற்குக் கீழே மேல்மூடியில், தடித்த பெயின்டுக்கு அடியில் உள்ளங்கையளவு ஓர் ஒட்டு. செல் துண்டு பட்ட இடம். 2010க்குப் பிறகு யாரோ வெல்டிங் வைத்து, மேலே பசை பூசி, சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அக்காவுக்கு அது தெரியாது. "அந்த இடத்தில அவர்தான் இருந்தவர்" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் கராஜில் யாரும் பேசவில்லை.

அந்த மூடி வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் வைத்தால், ஒட்டின இடம் சூட்டில் விரிந்து, குளிரும்போது சுருங்கி, பக்கத்தில் நூல் மாதிரி வெடிப்பு விழும். அதைக் கண்டுபிடிக்க ஐயா செய்தது மிகப் பழைய முறை. பெயின்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் கழித்து நன்றாகத் துடைத்தார். பிறகு வெண்கட்டித் தூளைத் தூவினார். வெடிப்புக்குள் இறங்கியிருந்த மண்ணெண்ணெய் மெல்ல மேலே வந்து, வெள்ளைத் தூளில் ஒரு கோடு கீறியது. ஒட்டின் ஓரத்தில் தொடங்கி ஒரு விரல் நீளத்துக்கு. மாரி முழுக்க இருக்கையில் விழுந்து வழிந்த மழைத்தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் கோட்டால் இறங்கியிருக்கிறது.

மேல்மூடியைச் சங்கிலிக் கப்பியால் தூக்கி, சிலிண்டரையும் மற்றப் பகுதிகளையும் கழற்றி, வெறும் மூடியைப் பட்டறைக்கு அனுப்பினார்கள். வெடிப்பின் இரண்டு நுனியிலும் சிறு துளை போட்டால் அது மேலும் ஓடாது. பிறகு மூடி முழுவதையும் மெதுவாகச் சூடாக்கி, பித்தளையால் ஒட்டி, சாம்பலுக்குள் வைத்து ஆறவிட்டார்கள். அடுத்த நாள் திரும்பி வந்தது. ரப்பர்கள், பி.ரி.ஓ சீல், பெக்கிங்குகள் எல்லாம் புதிது. மூன்றாவது தடவை ஒயில் மாற்றிய செலவைவிட இந்தச் சில்லறைச் சாமான்களின் செலவு குறைவு என்பதைக் கணக்குப் பார்த்தபோது மருமகன் கவனித்தார்.

எந்த ஒயில் ஊற்றுவது என்பதில் வன்னிக்கு ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிள்களே மண்ணெண்ணெயில் ஓடின. ஹைட்ரோலிக்குக்குக் கிடைத்ததை ஊற்றினார்கள். என்ஜினில் கழற்றிய கறுப்பு ஒயிலையும் துணியில் வடித்து ஊற்றினார்கள். அப்போது வேறு வழியில்லை, அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. இப்போதும் அதைச் செய்வதற்குத்தான் காரணம் இல்லை. என்ஜின் ஒயிலில் ஊத்தையைக் கரைத்து மிதக்கவைக்கும் சேர்மானம் இருக்கிறது. அது தண்ணீரையும் அடியில் இறங்கவிடாமல் கட்டிவைக்கும். தடித்த கியர் ஒயில் மட்டும் ஊற்றினால் பம்ப் உறிஞ்சக் கஷ்டப்படும். உழவு இயந்திரங்களுக்கென்றே கியர், ஹைட்ரோலிக், ஒயிலுக்குள் ஓடும் பிரேக் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒயில் இருக்கிறது. கடையில் 'யூ.ரி.ரி.ஓ' என்று கேட்டால் தெரியும். மெசினின் கைநூலில் சொன்ன தரத்தைப் பார்த்து, சீல் உடையாத வாளியாக வாங்கவேண்டும். இரண்டு வகையைக் கலக்கக்கூடாது.

நிரப்பும்போது கம்பியின் மேல்கோடு வரை ஊற்றி, மெசினை ஓடவிட்டு, தூக்குக் கைகளைப் பத்துப் பன்னிரண்டு தடவை ஏற்றி இறக்கி, கைகள் கீழே இருக்கும் நிலையில் திரும்ப அளவு பார்த்துக் குறையை நிரப்பினார்கள். கசிவு இருக்கிறதா என்று பார்க்கும்போது குழாய்களை விரலால் தடவக்கூடாது. ஊசித்துளையால் பாயும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம் அது. ஒரு காட்போட் மட்டையைக் குழாயோரம் பிடித்துப் பார்த்தால் போதும்.

அக்காவின் மெசின் பத்து மணித்தியாலம் உழுதபின் ஒருமுறையும், முதல் பெரிய மழைக்குப் பிறகு ஒருமுறையும் போத்தலில் ஒயில் எடுத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார் ஐயா. லேசாக மங்கியிருந்தால் பயப்படத் தேவையில்லை, மூலைகளில் தங்கிய ஈரம் அது. இரவு நிற்கவிட்டு, காலையில் ஸ்ராட் பண்ண முன்னர் அடி நட்டைக் கொஞ்சம் இளக்கித் தண்ணீரை மட்டும் எடுக்கலாம். திரும்பப் பால் நிறம் வந்தால் ஒயில் வாங்கமுன் கராஜுக்கு வரவேண்டும். மெசினுக்கு மேலே போடத் தறப்பாளும் ஒன்று வாங்கச் சொன்னார். இருக்கையை மட்டுமல்ல, லீவர்களையும் மூடும் நீளத்தில்.

மிச்சமிருந்தது பழைய ஒயில். கழுவியதோடு சேர்த்து ஐம்பது லீற்றருக்கு மேல். வாய்க்காலில் ஊற்றுவதுதான் பல இடங்களில் வழக்கம். சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்தபோது எத்தனை குடும்பங்கள் பவுசருக்குக் காத்து நின்றன என்பது இன்னும் நினைவிருக்கும். கராஜில் அதற்கு இரண்டு பீப்பாய்கள் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கலந்தது ஒன்றில், கலக்காதது மற்றதில். கலக்காததை மரவேலைக்காரர் கறையானுக்குப் பூச வாங்கிப்போவார்கள். வெள்ளை ஒயிலை மாதக்கணக்கில் நிற்கவிட்டு, மேலே தெளிந்ததைப் பழைய ஒயில் எடுக்க வரும் லொறிக்குக் கொடுக்கிறார்கள். அடியில் வழித்த சாம்பல் களியை மட்டும் யாரும் வாங்குவதில்லை. அதை மூடியுள்ள தகர வாளிகளில் போட்டு, மழை படாத மூலையில் அடுக்கி வைத்திருக்கிறார் ஐயா. நான் போனபோது ஏழு வாளிகள் இருந்தன.